கதிரை இருக்கும் கோயில்: யாழ்ப்பாணத்திலிருந்து எந்தப் பேராலயத்துக்குப் போகலாம்?

இந்த ஓகஸ்ட் விடுமுறைக்குள் மூன்று பேர் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவர் ரொறன்ரோவிலிருந்து மனைவி பிள்ளைகளோடு ஒன்பது நாளைக்கு வந்தவர். அவர் கத்தோலிக்கர், மனைவி சைவம், பிள்ளைகளுக்கு நாட்டில் ஒரு பேராலயத்தையாவது காட்டிவிட்டுப் போகவேண்டும் என்று ஆசை. அடுத்தவர் சுண்டுக்குளிப் பக்கம் அங்கிலிக்கச் சபையில் ஓய்வுநாள் பாடசாலை நடத்தும் அக்கா. முப்பது பிள்ளைகள், கையில் கொஞ்சக் காசு, ஒரே ஒரு பயணம். மூன்றாமவர் கொக்குவிலில் பென்சன் எடுத்து இருக்கும் ஆசிரியர். பழைய கட்டடம் என்றால் சைவக் கோயிலா வேதக் கோயிலா என்று பார்க்க மாட்டார், போய் நின்றுவிடுவார். அவர் கேட்டது நேரடியாக: "தம்பி, முழங்கால் ஏலாது, இனி ஒன்றிரண்டுதான் பார்க்கலாம், எது?"

என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. அம்மா பாஷையூர், பரம்பரையாகக் கத்தோலிக்கம். அப்பா வட்டுக்கோட்டைப் பக்கம், அமெரிக்கன் மிஷன் குடும்பம். சின்ன வயதில் ஒரு ஞாயிறு பூசைக்கும் மறு ஞாயிறு ஆராதனைக்கும் போய் வளர்ந்தவன் நான். இரண்டு பக்கமும் என் வீடு என்பதால் எதையும் குறைத்துச் சொல்ல மனம் வராது, ஆனால் தெரிவு செய்ய வேண்டியவருக்கு "எல்லாம் நல்லதுதான்" என்று சொல்லி அனுப்புவதும் உதவி ஆகாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## பேராலயம் என்றால் பெரிய ஆலயமா?

தமிழில் இந்தச் சொல்லே ஆளைக் குழப்பிவிடுகிறது. பேர் ஆலயம், அதாவது பெரிய கோயில் என்று நினைத்துக்கொண்டு போகிறோம், சின்னதாக இருந்தால் முகம் சுருங்குகிறது. ஆனால் பேராலயத்துக்கும் அளவுக்கும் தொடர்பே இல்லை. இலத்தீனில் கதீட்ரா என்றால் இருக்கை. ஆயர் (பிஷப்) அமர்ந்து தன் பொறுப்பிலுள்ள மறைமாவட்டத்துக்குப் போதிக்கும் இருக்கை எந்தக் கோயிலில் இருக்கிறதோ அதுதான் பேராலயம். அந்த கதீட்ராதான் போர்த்துக்கேயர் வாயில் கதெய்ரா ஆகி, நம் ஊருக்கு வந்து கதிரை ஆனது. தமிழ்நாட்டுக்காரர் நாற்காலி என்று சொல்லும் பொருளுக்கு நாங்கள் கதிரை என்கிறோமே, விறாந்தையில் கிடக்கும் பிளாஸ்ரிக் கதிரை, அதுவும் பேராலயத்து ஆயரின் இருக்கையும் ஒரே சொல்லின் பிள்ளைகள். ஆகவே யாழ்ப்பாணத்தவனுக்குப் பேராலயம் என்ன என்று விளக்குவது சுலபம்: ஆயருடைய கதிரை இருக்கும் கோயில்.

இந்தக் கணக்கில் பார்த்தால் மடு பேராலயம் அல்ல, அது திருத்தலம். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் திருத்தலம்தான். ஒல்லாந்தர் கட்டிய வுல்வெண்டால் கோயில் எவ்வளவு பழையது என்றாலும் பேராலயம் அல்ல, அந்தச் சபையில் ஆயரே கிடையாது. நாட்டில் கத்தோலிக்கருக்கு 12 மறைமாவட்டங்கள், அங்கிலிக்கர்களான இலங்கைத் திருச்சபைக்குக் கொழும்பு, குருநாகல் என்று 2, தென்னிந்திய திருச்சபைக்கு யாழ்ப்பாணத்தில் 1. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதிரை. இந்தப் பதினைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர் உண்மையில் யோசிக்கக்கூடியவை ஐந்து, இழுத்தால் ஆறு.

## எதை வைத்துத் தெரிவு செய்வது

யாருடைய கதிரை என்பதுதான் நான் முதலில் கேட்பது. உங்கள் சொந்தச் சபையின் ஆயர் இருக்கும் இடத்துக்குப் போவது ஒரு அனுபவம், அடுத்த சபையின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போவது வேறு. இரண்டும் நல்லது. எதற்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போகவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, வழிபாட்டுக்கா பார்வைக்கா என்பது. ஞாயிறு காலை போனால் கோயில் உயிரோடு இருக்கும், ஆனால் நடந்து திரிந்து தூணைத் தொட்டுப் பார்க்க முடியாது. கிழமை நாளில் போனால் தனியே நின்று பார்க்கலாம், ஆனால் கதவு பூட்டியிருக்கவும் கூடும்.

மூன்றாவது மொழி. பிள்ளைகளுக்கு விளங்காத மொழியில் ஒன்றரை மணித்தியாலம் வாங்கில் இருத்திவைப்பது அவர்களுக்குக் கோயிலின் மீதே வெறுப்பு வரச் செய்யும் வேலை.

நான்காவது, வழிச்செலவு. ரிக்கெற் விலை எல்லோருக்கும் தெரியும், அதற்கு வெளியே போகும் காசையும் களைப்பையும்தான் கீழே ஒவ்வொன்றிலும் சொல்லப்போகிறேன்.

கடைசியாக, கூட வருகிறவர்கள். சைவ வீட்டார் இருந்தால், வயதானவர் இருந்தால், வேறு சபை மருமக்கள் இருந்தால் நற்கருணை, அதாவது அப்பம் வாங்கும் நேரம், கொஞ்சம் சங்கடமாகும். கத்தோலிக்கப் பூசையில் கத்தோலிக்கர் மட்டும்தான் நற்கருணை வாங்கலாம். அங்கிலிக்கன், தென்னிந்திய திருச்சபை ஆராதனைகளில் வேறு சபைகளில் திருவிருந்து எடுக்கிறவர்களையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். இதை முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள். வரிசையில் போய் நின்ற பிறகு திரும்பி வருவது பெரியவர்களுக்கு மனவருத்தம். ஒருமுறை என் அத்தைக்கு அப்படி நடந்தது, அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

## யாழ்ப்பாணம் பெரிய கோயில்

குருநகர்ப் பக்கம் இருக்கும் புனித மரியன்னை பேராலயத்தை எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரால் சொல்ல மாட்டார்கள், பெரிய கோயில் என்றால்தான் விளங்கும். இங்கே மட்டும் பேராலயம் என்ற சொல்லின் இரண்டு அர்த்தமும் பொருந்திவிடுகிறது. ஆயர் கதிரையும் உண்டு, உள்ளே கால் வைத்ததும் நிமிர்ந்து பார்க்க வைக்கும் உயரமும் நீளமும் உண்டு.

போவதற்குச் செலவே இல்லை என்று சொல்லலாம். பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவில் சில நிமிடம். தமிழ்ப் பூசை. பக்கத்திலேயே 1850 இல் தொடங்கிய புனித பத்திரிசியார் கல்லூரி, 1862 இல் வந்த திருக்குடும்பக் கன்னியரின் மடம், ஆயர் இல்லம் எல்லாம் இருக்கின்றன. ஒரு காலை நேரத்தில் நடந்தே அந்தச் சுற்றை முடித்தால், கத்தோலிக்கம் இந்த ஊரில் கோயிலோடு நிற்காமல் பள்ளிக்கூடம், அச்சுக்கூடம் என்று எப்படிப் பரவியது என்பது பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமலே விளங்கும். 1876 இல் இங்கிருந்து கிளம்பிய பத்திரிகைதான் பாதுகாவலன். அதைத் தொடக்கிவைத்த பொஞ்சீன் ஆண்டகை பிரெஞ்சுக்காரர், அமலமரித் தியாகிகள் என்ற துறவற சபையைச் சேர்ந்தவர். 1868 தொடக்கம் யாழ்ப்பாணத்தில் இருந்து, பிறகு கொழும்புக்குப் போய் அங்கே முதலாவது பேராயர் ஆனார். கொட்டாஞ்சேனை பற்றிச் சொல்லும்போது இவரை ஞாபகம் வையுங்கள்.

1886 இல் யாழ்ப்பாணம் மறைமாவட்டம் ஆனது. ஆனாலும் அந்தக் கதிரையில் ஒரு தமிழர் அமர 1950 ஆகிவிட்டது, எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகை. எங்கள் அம்மம்மா அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது குரல் மாறும். அவர்களுக்கு அது சுதந்திரம் கிடைத்ததைவிடப் பெரிய செய்தி. கடற்கரைச் சனம் வெடி கொளுத்தினதாம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் பிறகு கதிரையைக் காட்டுங்கள். ஆயர் இல்லாத நாளில் அதில் வேறு யாரும் அமர்வதில்லை, வெறுமையாகவே இருக்கும். வெறும் கதிரைதான், ஆனால் கதை தெரிந்தவன் பார்ப்பது வேறு மாதிரி.

இங்கே ஒளிந்திருக்கும் செலவு காசில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதால் "நாளைக்குப் போகலாம்" என்று தள்ளித் தள்ளி, வெளிநாட்டுக்காரர் கடைசி நாளில் விமான நிலையத்துக்குப் போகும் வானை வாசலில் நிறுத்திப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போவதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். சனிக்கிழமைகளில் கல்யாணம் இருக்கும், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலத்தில் கல்யாணம் இராது, ஆனால் சிலுவைப்பாதைக் கூட்டம் இருக்கும். செருப்பு விஷயத்தில் வாசலைப் பார்த்து மற்றவர்கள் செய்வதைச் செய்யுங்கள். சைவ வீட்டார் தலை மூடத் தேவையில்லை, தோள் மூடிய உடை போதும்.

யாருக்கு ஏற்றது என்றால், ஊரில் ஒரே ஒரு ஞாயிறு உள்ளவருக்கு, வயதானவர் கூட வருகிறவருக்கு, தமிழ்ப் பூசையின் பாட்டையும் சனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பவருக்கு.

## வட்டுக்கோட்டை

வட்டுக்கோட்டை என்றதும் முக்கால்வாசிப் பேருக்கு 1976 தீர்மானம்தான் ஞாபகம் வரும். அங்கே ஒரு பேராலயம் இருக்கிறது என்பது நகரத்துக் கத்தோலிக்கர் பலருக்கே தெரியாது. அம்மாவின் தம்பி ஒருவர் ஐம்பது வயதுவரை யாழ்ப்பாணத்திலேயே இருந்தும் அதைக் கண்டதில்லை.

போய்ப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். கோபுரம் இல்லாத, அகலமான, தடித்த சுவர்க் கட்டடம். யாழ்ப்பாணக் கல்லூரி வளவுப் பக்கம், மரங்களுக்கு நடுவில். ஆனால் அந்தச் சுவர்களுக்குள் மூன்று ஐரோப்பியர் வந்துபோன கதை முழுதும் இருக்கிறது. போர்த்துக்கேயர் வைத்த கத்தோலிக்கக் கோயில் அது. அவர்களை 1658 இல் விரட்டிய ஒல்லாந்தர் அதைத் தங்கள் சபைக்கு எடுத்து 1678 இல் திருத்திக் கட்டினார்கள். பிரித்தானியர் வந்தபின் கவனிப்பாரின்றிக் கூரையும் போய்ப் பாழாய்க் கிடந்தது. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் அடுத்த ஆண்டு அதைப் பொறுப்பெடுத்துத் திருத்தினார்கள். கத்தோலிக்கம், ஒல்லாந்தச் சீர்திருத்தம், அமெரிக்கச் சபைமுறை, இன்று தென்னிந்திய திருச்சபை. ஒரே கட்டடம், நான்கு வீட்டுக்காரர். "பல சபைகளின் பேராலயங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்" என்று ஆசிரியர் ஐயா கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது, அந்த ஒப்பீடு முழுவதையும் இந்த ஒரு கோயிலுக்குள்ளேயே செய்யலாமே என்பதுதான்.

1823 இல் இங்கே தொடங்கிய செமினரி, ஆங்கிலேயர் வாயில் பற்றிக்கோட்டா செமினரி, 1855 இல் மூடப்பட்டது. அதில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும்தான் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிய தாமோதரம்பிள்ளை நடந்து திரிந்த வளவு அது. தமிழ் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த ஒரு காரணமே போதும். 1841 இல் உதயதாரகை பத்திரிகையைத் தொடங்கியதும் இதே மிஷன். பாதுகாவலனுக்கு 35 ஆண்டு முந்தியது. சின்னவனாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் இந்த இரண்டு பத்திரிகையில் எது பழையது என்று வாதாடுவார்கள். அப்பாதான் வெல்வார், ஆனால் ஒவ்வொரு முறையும் அம்மா திரும்பத் தொடங்குவார்.

இது எப்போது பேராலயம் ஆனது? 1947 செப்ரெம்பரில் சென்னையில் தென்னிந்திய திருச்சபை பிறந்தது. தமிழ்நாட்டில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, சபைமுறையினர், பிரஸ்பிற்றேரியன் எல்லாரும் ஒன்றானார்கள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்கன் மிஷன் மட்டும் சேர்ந்தது. இங்குள்ள அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் சேரவில்லை. அதனால்தான் சென்னையிலிருந்து வரும் விருந்தாளி அங்கிலிக்கரின் சுண்டுக்குளி சென் ஜோன்ஸையும் வட்டுக்கோட்டையையும் ஒரே சபை என்று நினைத்துக் குழம்புகிறார். புதிய சபைக்கு ஆயர் வேண்டும், ஆயருக்குக் கதிரை வேண்டும், கதிரை வட்டுக்கோட்டைக்கு வந்தது. முதல் ஆயர் சபாபதி குலேந்திரன், 1947 தொடக்கம் 1970 வரை. மறைமாவட்டத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பெயர் ஆதீனம். நல்லை ஆதீனம் என்கிறோமே, அதே சைவச் சொல். அந்தச் சொல்லைத் தெரிந்தெடுத்தவர்கள் யாராக இருந்தாலும் இந்த மண்ணை அறிந்தவர்கள்.

வழிபாடு தமிழில். கீர்த்தனைகள் பாடும்போது சைவ வீட்டாருக்கு அந்நியம் தெரியாது. கனடாக்காரரின் மனைவிக்கு நான் சொன்னதும் இதைத்தான்.

ஒளிந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். நகரத்திலிருந்து 10, 12 கிலோமீற்றர்தான், பஸ் இருக்கிறது, ஆனால் ஞாயிறுகளில் பஸ் குறைவு, திரும்பி வர வெயிலில் நிற்க நேரும். ஓட்டோ பிடித்தால் போக வரப் பேசிக்கொண்டு காத்திருக்கச் சொல்லிப் போங்கள். கிழமை நாளில் கதவு திறந்திருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். இதில் எனக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு பேராலயத்துக்கு, எது என்பது இங்கே தேவையில்லை, வெளிநாட்டு உறவினர் பதினொரு பேரை வானில் ஏற்றிக்கொண்டு மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். பூட்டு. முதல் நாள் ஒரு போன் எடுத்திருந்தால் யாராவது திறந்து வைத்திருப்பார்கள். என் சின்னம்மா யன்னல் இடுக்கால் பார்த்துவிட்டுத் திரும்பினார், அடுத்த வருடம் அவர் வரவில்லை, பிறகு வரவே இல்லை. இப்போது நான் போன் எடுக்காமல் எந்தக் கோயிலுக்கும் யாரையும் கூட்டிப்போவதில்லை.

இந்தப் பயணத்தோடு இன்னும் சில இடம் சேர்த்துக்கொள்ளலாம், செலவு அதிகம் கூடாது. மானிப்பாய் வழியாகப் போனால் அமெரிக்கன் மிஷன் டொக்டர் கிறீன் தமிழில் மேல்நாட்டு மருத்துவம் படிப்பித்த இடம். அங்கிருந்து கொஞ்சம் விலகினால் நவாலி சென் பீற்றர்ஸ் கோயில். 1995 ஜூலை 9 அன்று அங்கே அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் குண்டுவீச்சில் செத்துப்போனார்கள். அது பேராலயம் அல்ல, ஆனால் அந்தப் பக்கத்தால் போகும்போது நிற்காமல் போக எனக்கு முடிவதில்லை.

மற்றது சில்லாலை. ஒல்லாந்தர் வட்டுக்கோட்டைக் கோயிலைத் திருத்தியது 1678. கத்தோலிக்கச் சுவாமிமாருக்கு அப்போது நாட்டில் இடமில்லை. ஒன்பது ஆண்டு கழித்து, 1687 இல், கோவையிலிருந்து ஜோசப் வாஸ் அடிகள் வேடம் மாறி வந்து ஒளிந்து பூசை வைத்தது இந்தச் சில்லாலையில்தான். (கோவை என்பது கோயம்புத்தூர் அல்ல, கோவா.) 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார். அரசாங்கத்தின் சபை ஒரு பக்கம், ஒளிந்திருந்த சபை சில மைல் தள்ளி. இரண்டையும் ஒரே பின்னேரத்தில் பார்க்கலாம். இதை நான் வேறு எந்தத் தெரிவிலும் உங்களுக்குத் தர முடியாது.

## கொழும்பு கொட்டாஞ்சேனை, சென் லூசியாஸ்

அளவு வேண்டும் என்பவருக்கு இது. கொழும்புப் பேராயரின் கதிரை. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கட்டத் தொடங்கி அடுத்த நூற்றாண்டு வரை இழுபட்ட வேலை. பெரிய குவிமாடம், கல் தூண்கள், உரோமாபுரியை மனதில் வைத்துக் கட்டிய முகப்பு. நம் பொஞ்சீன் ஆண்டகை யாழ்ப்பாணத்திலிருந்து போய் அமர்ந்த கதிரை இங்கேதான். ஆகவே பெரிய கோயிலை முதலில் பார்த்தவருக்கு இது தொடர்ச்சி, பார்க்காமல் போனவருக்கு இது ஒரு பெரிய கட்டடம், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை தமிழர் நிறைந்த இடம், தமிழிலும் பூசை உண்டு. கோட்டை ரயில் நிலையத்திலிருந்து தூரமும் இல்லை. ஆனால் தெருக்கள் ஒடுக்கம், வானை நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பைகளைச் சோதிப்பார்கள், இரவு பஸ்ஸில் வந்து மூட்டை முடிச்சோடு நேரே போகாதீர்கள். அன்று குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் நடந்து போகும் தூரம். யாழ்ப்பாணத்துச் சனம் கொழும்புக் கோயில் என்று போவது பெரும்பாலும் அங்கேதான், சென் லூசியாஸை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள்.

பேராலயத்துக்காக மட்டும் இங்கே போவது வீண் என்பது என் எண்ணம். 400 கிலோமீற்றர், போக ஒரு இரவு, வர ஒரு இரவு, லொட்ஜ் காசு, சாப்பாடு, அடுத்த நாள் வேலைக்குப் போக ஏலாத உடம்பு. விசா வேலையாகவோ விமானத்துக்காகவோ எப்படியும் கொழும்புக்குப் போகிறவர் அரைநாள் ஒதுக்கலாம்.

## கொழும்பு 7, ஜீவிக்கும் இரட்சகர் பேராலயம்

யாழ்ப்பாணத்து அங்கிலிக்கர் ஒரு விதத்தில் பாவம். 1818 இல் நல்லூருக்கு மிஷனரிமார் வந்து, சென் ஜேம்ஸ் கோயில், சென் ஜோன்ஸ் கல்லூரி என்று ஊரின் நடுவில் இவ்வளவு வேரூன்றியும், அவர்களுடைய ஆயரின் கதிரை கொழும்பில். சுண்டுக்குளியில் ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் பெற்று, அங்கேயே அடக்கமாகும் மனிதர் தன் சொந்தப் பேராலயத்தை ஒருமுறைகூடக் காணாமல் போக முடியும்.

பௌத்தாலோக மாவத்தையில் இருக்கும் இந்தப் பேராலயம் 1973 நவம்பர் 7 இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதற்கு முன் கதிரை முகத்துவாரத்தில் இருந்தது, முதலாவது ஆயர் சப்மன் காலத்தில் 1854 இல் பிரதிஷ்டையான கிறிஸ்து ஆலயத்தில். துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த கதிரையைச் சுதந்திரத்துக்குப் பிறகு நகரின் உள்ளே கொண்டுவந்து, ஐரோப்பியப் பழைய பாணியை விட்டு, புதுக் காலத்துக் கட்டடமாகக் கட்டினார்கள். பழைய கோயில் இன்னும் முகத்துவாரத்தில் நிற்கிறது, கொட்டாஞ்சேனையிலிருந்து பக்கம்தான். இரண்டையும் பார்த்தால்தான் இந்தச் சபை எப்படி மாறியது என்பது விளங்கும்.

பழமையைத் தேடிப் போகிறவருக்கு இது பிடிக்காது. அமைதியாக இருந்து மன்றாட, வானை நிறுத்த, வயதானவர் ஏறி இறங்க, கொழும்பில் இதுதான் சுகம். ஆராதனை மூன்று மொழியிலும் உண்டு, ஆனால் எந்த நேரம் எந்த மொழி என்று கேட்காமல் போனால் சிங்கள ஆராதனையில் போய் இருக்க நேரும்.

## குருநாகல், கிறிஸ்து அரசர் பேராலயம்

அங்கிலிக்கரின் இரண்டாவது கதிரை. 1950 இல் மறைமாவட்டம் பிரிந்தபோது முதல் ஆயர் லக்தாச டி மெல். பழைய சிங்கள இராசதானிகளின் கட்டடக்கலையில் ஒரு கிறிஸ்தவக் கோயில் எப்படி இருக்கும் என்று காட்டும் கட்டடம். வேதம் வெள்ளைக்காரனுடைய உடுப்பில்தான் வர வேண்டுமா என்ற கேள்விக்கு அவர்கள் கல்லில் எழுதிய பதில் அது. வட்டுக்கோட்டைக்காரர் ஆதீனம் என்ற சொல்லில் செய்ததை இவர்கள் கூரையிலும் தூணிலும் செய்தார்கள்.

யாழ்தேவி குருநாகலில் நிற்கும், ஆகவே கொழும்பு போகிற வழியில் இறங்கலாம். ஆனால் இறங்கினால் அடுத்த ரயிலுக்கு இன்னொரு ரிக்கெற், ஆசனம் கிடைக்கும் என்ற நிச்சயமும் இல்லை. நிலையம் ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி. இன்னொன்று, அதே ஊரில் கத்தோலிக்கருக்கும் சென் ஆன்ஸ் பேராலயம் இருக்கிறது. ஓட்டோக்காரரிடம் வெறுமனே கதீட்றல் என்றால் அங்கேதான் கொண்டுபோய் விடுவார். தமிழ் ஆராதனையை எதிர்பார்க்காதீர்கள், கட்டடம் பார்க்கப் போங்கள்.

## மன்னார்

ஆறாவதாக ஒன்று இருக்கிறது என்றேனே, அது இதுதான். சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் திறந்த பிறகு மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்துக்குப் பூநகரி வழியாக ஒரே நாளில் போய் வரலாம். 1981 இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்த மறைமாவட்டம். மடுவுக்குப் போகும் குடும்பங்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். மடுத் திருவிழா நாட்களில் மட்டும் வேண்டாம், பாதை முழுக்க சனம்.

## ஒரே பார்வையில்

| பேராலயம் | சபை | தமிழ் வழிபாடு | யாழ்ப்பாணத்திலிருந்து நேரம் | கணக்கில் வராத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| பெரிய கோயில் | கத்தோலிக்கம் | உண்டு | சில நிமிடம் | தள்ளிப்போடுவது, கல்யாணக் கூட்டம் | ஒரு ஞாயிறு உள்ளவர், வயதானவர் |
| வட்டுக்கோட்டை | தென்னிந்திய திருச்சபை | உண்டு | அரைநாள் | ஞாயிறு பஸ், பூட்டிய கதவு | வரலாறு, தமிழ் படிப்பவர், சைவ வீட்டார் |
| கொட்டாஞ்சேனை | கத்தோலிக்கம் | உண்டு | 2 இரவு | லொட்ஜ், பைச் சோதனை, வாகனம் நிறுத்துவது | எப்படியும் கொழும்பு போகிறவர் |
| கொழும்பு 7 | அங்கிலிக்கன் | உண்டு, நேரம் கேட்க வேண்டும் | 2 இரவு | லொட்ஜ் | யாழ்ப்பாணத்து அங்கிலிக்கர் |
| குருநாகல் | அங்கிலிக்கன் | எதிர்பார்க்க வேண்டாம் | ரயிலில் வழியில் | இரண்டாவது ரிக்கெற் | கட்டடக்கலை |
| மன்னார் | கத்தோலிக்கம் | உண்டு | ஒரு நாள் | திருவிழா நெரிசல் | மடு போகும் குடும்பம் |

## கேட்டவர்களுக்கு நான் சொன்னது

கனடாக்காரருக்கு: சனி பின்னேரம் வட்டுக்கோட்டை, சில்லாலை. ஞாயிறு காலை பெரிய கோயிலில் பூசை. கொழும்பில் விமானத்துக்கு முன் நேரம் மிஞ்சினால் சென் லூசியாஸ், மிஞ்சாவிட்டால் விட்டுவிடுங்கள். போய் வந்து பெரியவன் என்னிடம் கேட்டானாம், ஏன் கனடாவில் யாரும் நாற்காலியைக் கதிரை என்று சொல்வதில்லை என்று. தமிழ்நாட்டுப் பிள்ளைகளோடு படிக்கிறான் போல.

ஓய்வுநாள் பாடசாலை அக்காவுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மனதுக்கு ஏற்றது கொழும்பு 7, அது அவர்களுடைய ஆயரின் வீடு. ஆனால் முப்பது பிள்ளைகளை இரவுப் பயணத்தில் கொண்டுபோய்த் தங்கவைக்கும் காசு அவரிடம் இல்லை. பெரிய பிள்ளைகள் பத்துப் பேரை மட்டும் கூட்டிப்போகலாம் என்று ஒருவர் யோசனை சொன்னாராம். எனக்கு அது பிடிக்கவில்லை, விடுபட்ட இருபது முகத்தையும் ஞாயிறு தோறும் அவர்தான் பார்க்க வேண்டும். இந்த வருடம் எல்லாரும் வட்டுக்கோட்டைக்குப் போகட்டும், ஒரு பஸ் பிடித்தால் போதும், சோற்றுப் பார்சலோடு பகல் முழுக்க இருக்கலாம் என்றேன். கொழும்புக்கு இப்போதிருந்தே மாதம் மாதம் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆசிரியர் ஐயாவுக்கு வட்டுக்கோட்டை ஒன்றைத்தான் சொன்னேன், கிழமை நாளில், முதல் நாள் போன் எடுத்து. முழங்காலுக்காக ஒரு மடக்குக் கதிரையும் கொண்டுபோகச் சொன்னேன். சுவரோரமாக அதை விரித்துப் போட்டு இரண்டு மணித்தியாலம் இருந்தாராம். வருகிற கிழமை குருநாகலுக்கு ரயில் ரிக்கெற் போட்டுவிட்டார்.